அம்மாவுக்காக நான் சொன்ன பதில்

22 பிப்ரவரி 1932, திங்கள்

தமிழில் எழுதினால் பயமில்லை. இந்த வீட்டில் மற்றவர்களுக்கு உருது மட்டும்தான் படிக்க வரும். பூபி கண்ணில் பட்டாலும் மளிகைக் கணக்கு என்று விட்டுவிடுவாள். பூபி என் அத்தை; பாவாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அக்கா. பெண்பிள்ளை பேனா பிடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பவள்.

இன்று விசாலாக்ஷி டீச்சர் 'கேன்' நடத்தினார். இப்போது முடியும் என்றால் 'கேன்'. முன்பு முடிந்தது என்றால் 'குட்'. நல்லது என்கிற குட் இல்லை, இது வேறு. நாளைக்கு முடியும் என்றால் 'ஷல் பி ஏபிள் டு'. நாளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். பக்கத்தில் ஜலஜா சிரித்தாள். "நோக்குத்தான்டி இப்படியெல்லாம் சந்தேகம் வரும்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நடக்கறது நம்ம கையிலயா இருக்கு? அதான் சுத்தி வளைச்சுச் சொல்றான்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா? தெரியவில்லை.

25 பிப்ரவரி

அம்மா இப்போதெல்லாம் படுப்பதே இல்லை. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தம்பி பிறந்ததிலிருந்தே கால் வீக்கம். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஏன் படுக்கவில்லை என்று கேட்டால், "காத்து வேணாமா எனக்கு?" என்கிறாள். ஜன்னல் எதிர்ச்சுவரில் அல்லவா இருக்கிறது?

கச்சேரி ரோட்டு அத்தர் கடையை மூடிவிட்டு வந்த பாவா சொன்னார்: "புதன்கிழமை பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். டாக்டரம்மா இப்பத்தான் கப்பல்ல வந்து இறங்கினவங்க, இங்கிலீஷ் தவிர ஒண்ணும் தெரியாதாம். என்னை உள்ளே விட மாட்டாங்க. நஸ்ரு கூட வரட்டும், பேசட்டும்."

எனக்குப் பெருமையாக இருந்தது.

2 மார்ச், புதன்

வண்டிக்காரர் அம்மாசியின் குதிரை ஜட்காவில் திரை கட்டிப் போனோம். பாவா முன்னால் உட்கார்ந்துகொண்டார். "இன்னா பாப்பா, வெள்ளைக்கார அம்மாகிட்ட நீதான் பேசப்போறியா? அப்படியே என் குதிரைக்கும் ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லேன். தமிழ்ல சொன்னா மதிக்கவே மாட்டேங்குது" என்றார் அம்மாசி. திரைக்குள் அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

டாக்டரம்மா அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு கேள்விகள். மாடி ஏற முடியுமா? மல்லாந்து படுக்க முடியுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? பிரசவத்துக்கு முன்னால் முடிந்ததா? 'கேன் ஷீ', 'குட் ஷீ'. அப்படியே பாடத்தில் உள்ளது! ஒவ்வொன்றுக்கும் அம்மா, "முடியும்னு சொல்லு" என்றாள். "யெஸ், ஷீ கேன்" என்றேன்.

குழாயில் கேட்டதும் நான் சொல்வதும் ஒத்துவரவில்லை என்பது போல, டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று கன்னத்தைத் தட்டினார். மருந்து கொடுத்து, அடுத்த புதன் வரச் சொன்னார்.

அம்மா சொன்னதைத்தானே சொன்னேன்? ஒரு தப்பும் இல்லாமல் சொன்னேனே.

3 மார்ச்

பொய் சொன்னது அம்மாவா, நானா?

6 மார்ச், ஞாயிறு

அடுப்படியில் அம்மா விழுந்துவிட்டாள். விழவில்லையாம், உட்கார்ந்தாளாம். அரிசிப் பானையோடு யாராவது உட்காருவாங்களா?

பூபி கூடத்திலிருந்தே கத்தினாள். "இவ படுத்துட்டா வீட்டை யார் பாக்கறது? நஸ்ருவை நிறுத்திட வேண்டியதுதான். படிச்சு கலெக்டராவா ஆகப்போறா?"

பூபி போனதும் அம்மாவிடம் கேட்டேன். ஏன் பொய் சொல்லச் சொன்னே? அம்மாவுக்கு மூச்சு வரவில்லை. "உன் பரீட்சை ஏப்ரல்லதானே? அதுவரைக்கும் நான் நடமாடினாப் போதும்."

எனக்காகவா! என் பரீட்சைக்காகவா! யா அல்லா, நான் என்ன பண்ணுவேன்? நிஜத்தைச் சொன்னா பள்ளிக்கூடம் போச்சு. சொல்லலேன்னா— அதை எழுத மாட்டேன்.

8 மார்ச்

'கேன்' வைத்து வாக்கியங்கள் எழுதச் சொன்னார் டீச்சர். என் அம்மாவால் சமைக்க முடியும், என் அம்மாவால் தம்பியைத் தூக்க முடியும் என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிட்டார். எது சரி?

9 மார்ச், புதன்

சொல்லிவிட்டேன்.

அதே கேள்விகள். "முடியும்னு சொல்லு" என்றாள் அம்மா. நான் "ஷீ கேனாட்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டரம்மா குனிந்து மறுபடி கேட்டார். படுக்க முடியாது. மாடி ஏற முடியாது. தம்பியைத் தூக்கினால் உதடு நீலமாகிவிடுகிறது. உதட்டுக்கு இங்கிலீஷ் மறந்துபோய், என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி சொல்றே?"

"நீ சொன்னதைத்தான்மா."

டாக்டரம்மா மணியடித்தார். நர்சுகள் வந்து அம்மாவை உள்ளே கூட்டிப்போனார்கள். கதவருகே அம்மா திரும்பிப் பார்த்தாள். அது கோபமா, பயமா? எனக்குப் புரியவில்லை. வரும்போது திரைக்குள் நான் மட்டும். அம்மாசி குதிரையோடுகூடப் பேசவில்லை.

12 மார்ச்

பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நான் வடித்த சோறு குழைந்துவிட்டது. பூபி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். திட்டியிருக்கலாம்.

17 ஏப்ரல், பக்ரீத்

பரீட்சை முடிந்துவிட்டதாம். ஜலஜா கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினாள். எல்லாக் கேள்விக்கும் எனக்கு விடை தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இத்தனை நாளும் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை; தம்பியைப் பற்றி மட்டும் கேட்பாள். இன்று மல்லாந்து படுத்திருந்தாள். மல்லாந்து! கால் வீக்கம் வடிந்து கொலுசு தளர்ந்திருந்தது.

"அன்னிக்கு என்னன்னு சொன்னே?"

சொன்னேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். எதற்கு நீட்டினாள் என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன்.

11 ஜூன், சனி

அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மாதா மாதம் போய்க் காட்ட வேண்டும். "இனிமே உன்னை நம்பி வாயைத் திறக்க மாட்டேன். எனக்கே சொல்லிக்குடு" என்றாள். 'ஐ கேன்' உடனே வந்துவிட்டது. 'ஐ கேனாட்'தான் வாயில் நுழையவில்லை. அந்த வார்த்தையை அம்மா உருதுவில்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் பூபி ஆரம்பித்தாள். "பள்ளிக்கூடம் திறக்குதாமே. நின்னது நின்னதாவே இருக்கட்டும். உன் புருஷன்கிட்ட நீயே சொல்லிடு."

அம்மா வெற்றிலையை மடித்தபடி, "ஐ கேனாட்" என்றாள்.

"என்னது?"

"டாக்டரம்மாகிட்ட சொல்றதுக்குப் பழகறேன், அக்கா."

வாசல்படியில் இதைக் கேட்டுக்கொண்டு நின்ற பாவா தாடியைத் தடவிக்கொண்டார். "திங்கட்கிழமை காலைல நஸ்ரு பள்ளிக்கூடம் போக அம்மாசியை வரச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருஷத்து வகுப்பே மறுபடியும். ஜலஜா மேல் வகுப்பில் இருப்பாள். பக்கத்தில் யார் உட்காருவார்களோ, சிரிப்பார்களோ? பயமாகத்தான் இருக்கிறது.

இருட்டும் நேரத்தில், துவைத்த என் பாவாடை தாவணியைக் காயப்போட அம்மா மாடிப்படி ஏறினாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "நஸ்ரு, வந்து வாங்கிக்கோ. என்னால முடியல" என்றாள்.

ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.