அளத்துக்காரர் வீட்டில் பாக்கெட் உப்பு

என் செல்ல அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு உங்கள் மூக்குதான், பாவம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உங்களோடு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் நான் அம்மாவோடுதான் இருக்கிறேன். மாசமான புதிதில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு குறைவு. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "வீட்டுல என்ன உப்பு?" என்றார். நானும் பெருமையாக, "எங்க அப்பாவோட உப்பளத்து உப்பு டாக்டர், கடல்ல இருந்து நேரா" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"கடல் உப்புன்னா அயோடின் இருக்கும்னு நினைச்சீங்களா? ரொம்பக் கம்மி. அயோடின் சேத்த உப்பு வாங்குங்க. கடுகளவுக்கும் கம்மியாத்தான் வேணும், ஆனா அது இல்லேன்னா பிள்ளையோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும்."

"கடல்ல இல்லாத சத்தா பாக்கெட்டுல இருக்கு?" என்று ஊரெல்லாம் சவடால் விட்டீர்களே அப்பா! நம் அளத்து உப்பு லாரி லாரியாகப் போய், அயோடின் ஏறி, யார் யார் வீட்டுக்கோ போனது. நம் வீட்டு அடுப்படிக்கு மட்டும் அது ஆகாதா?

உங்கள் ஆவாரம்பூ கஷாயத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அளத்திலிருந்து வரும்போது துண்டில் பறித்து முடிந்துகொண்டு வருவீர்களே, அதேதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேண்டாமாம். முருங்கைப்பூவை முட்டையோடு வதக்கித் தின்னலாம் என்றார். அதை மட்டும் அம்மா சந்தோஷமாகச் செய்தாள்.

கடைக்குப் போய் உப்பு கேட்டால் அண்ணாச்சி திகைத்துவிட்டார். "என்னம்மா, உங்க வீட்டுக்கே உப்பா? அப்பாவுக்குத் தெரிஞ்சா எந்திச்சு வந்துருவாரு!" வரட்டும் அண்ணாச்சி, நல்லதுதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மாதான் மசியவே இல்லை. அடுப்படியில் இருந்தது நீங்கள் கடைசியாக வாரிய உப்பு.

"ஏளா, உங்க அப்பா கைபட்டது இது. அவுக போன பெறவு குழம்புலயாவது இருக்காகன்னு நெனச்சேன். அதையும் எடுக்கச் சொல்லுதியா?"

"அப்பாவுக்குப் பேரப்பிள்ளையவிட உப்பா பெருசு?" என்று கத்திவிட்டு அழுதேன். மறுநாள் காலையில் அம்மாவே அந்த உப்பை மூட்டையாகக் கட்டி, ஆளைக் கூப்பிட்டுப் பரணில் ஏற்றச் சொன்னாள். பாக்கெட்டை உடைத்து, இறுக்க மூடுகிற டப்பாவில் அவளே கொட்டினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு பற்றவில்லை. இரண்டு பேருமே அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

பிள்ளை பிறந்ததும், அவளுக்கும் தைராய்டு குறைவா என்று பார்க்கக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதாம் அப்பா! கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளையோடு வீட்டு வாசலுக்கு வந்தால், "அங்கனயே நில்லுளா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பரணில் இருந்த உங்கள் மூட்டையிலிருந்து ஒரு கை உப்பு அள்ளி வந்தாள். பிள்ளையைச் சுற்றினாள்.

"ஏங்க, ஒங்க பேத்தி. கண்ணுபடாம நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லித் தண்ணீரில் போட்டாள். அது கரைகிறவரை மூவரும் வாசலிலேயே நின்றோம்.

வெயில் காலத்தில் உப்பு வாரும்போது இவளை அளத்துக்குத் தூக்கி வருவேன், இது சத்தியம். அள்ளி விளையாடட்டும். வாயில் மட்டும் வைக்க விடமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உப்பைத் தின்று வளர்ந்த மகள்,
உங்கள் பேத்தியின் அம்மா.