கயிறு அறுபட்ட கடவோலை

கடல் வற்றாதிருக்க. கரை காப்போர் கண் அயராதிருக்க.

நாற்பத்திரண்டு துறைகளை உடையவரும், மருதவரை நாட்டு மணிமுடி தரித்தவரும், கொடுத்த சொல் மாறாத குலத்தில் உதித்தவருமான ஆதன் விண்ணவரையர் திருமுன்பு, எழுநூற்றுப் பதினொரு பேர் வாழும் பவளத்திட்டின் மன்றம் தேர்ந்த தலைவி கொற்றி நாச்சியார் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பிழையாது பெய்க. அரண்மனையில் பிறந்த இளவரசிக்கு முதற்பல் முளைத்தது என்று கேட்டோம்; மகிழ்ந்தோம்.

எம் தீவு சிறிது. காலையில் புறப்பட்டுக் கரையோரமாகச் சுற்றி நடந்தால், அடுப்பிலிருந்து இறக்கிவைத்த கஞ்சி ஆறுவதற்குள் வீடு திரும்பலாம். ஆயினும் தங்கள் பாட்டனாரோடு எம் முன்னோர் செய்த உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கொரு முறை தங்கள் கொடிக்கு வணக்கம் செலுத்துகிறோமே அன்றி, எம் மன்றம் எமது, எம் நீதி எமது, எம் மக்கள் கடல் கடக்கக் கொண்டுசெல்லும் கடவோலையும் எமது.

அக்கடவோலையின் முறை தங்கள் மூத்த அதிகாரிகள் அறிந்ததே. பயணம் போகிறவர் பெயரை ஒரே ஓலையில் எழுதி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சுருட்டிச் செங்கயிற்றால் கட்டி அவர் கையில் கொடுப்போம். மறுபாதி எம் மன்றத்து உத்தரத்தில் தொங்கும். போனவர் திரும்பினால் மன்றத்தார் கயிற்றை அவிழ்த்து இரு பாதிகளையும் பொருத்துவர். அயல்மண்ணில் அவர் இறந்துபோனால், உடனிருப்போர் அக்கயிற்றை அறுத்து ஓலையை எமக்கு அனுப்புவர். அறுந்த கயிறு வந்தால் எமக்கு வேறு செய்தி வேண்டியதில்லை; இரு பாதிகளையும் பொருத்திக் கடலில் விட்டுவிடுவோம்.

சென்ற ஆனித் திங்களில் எம் பாய் தைக்கும் எயினி என்பாள், பருத்தித் துணி கொள்வதற்காகத் தங்கள் கொற்றந்துறைக்கு வந்தாள். அங்கே புதிதாக அமர்ந்த துறைக் கண்காணி காரி நம்பி, உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் அவசரத்தில் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். தங்கள் இலச்சினை அதில் இல்லை என்று கண்டு, இத்தனை சிறிய மணல்மேட்டுக்கு ஓலை எழுதும் உரிமை ஏது என்று நகைத்தார். அவளைப் பண்டசாலையில் அடைத்தார். ஓலையை மட்டும் ஒரு சொல்லும் சேர்க்காமல் உப்புப் படகில் எமக்குத் திருப்பி அனுப்பினார்.

நாங்கள் என்ன செய்வோம்? அழுதோம். எயினி தைத்த பாய்களையெல்லாம் இறக்கி மூன்று நாள் ஒரு படகும் ஓட்டாதிருந்தோம். அவள் கணவன் நாகன் மொட்டையடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நின்று, பொருத்திய ஓலையைத் தன் கையாலேயே அலையில் விட்டான்.

அதன்பின் பதினேழாம் நாள் கொற்றந்துறையிலிருந்து மீண்ட எம் சங்குகுளிப்போன் ஒருவன், பண்டசாலைச் சாளரத்தருகே எயினியைக் கண்டதாகவும், அவள் தங்கள் காவலரின் கிழிந்த பாய்களைத் தைத்துக்கொண்டு, கண்காணியின் தையலறிவைப் பழித்துக்கொண்டு இருந்ததாகவும் உரைத்தான். பழித்த செய்தி கேட்டபின்தான் அது அவளே என்று நாகன் நம்பினான். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தவன், சிரிப்பு நிற்குமுன்பே அழுதான்.

அவள் தன்னை மருதவரைக் குடி என்று எழுதிப் புது ஓலை பெற்றால் அன்றே விடுவிப்பதாகக் கண்காணி சொன்னாராம். பாயில் ஒட்டுப் போடுவது தன் தொழில் என்றும், பெயரில் ஒட்டுப் போடுவது தன் வழக்கமன்று என்றும் அவள் மறுமொழி கூறினாளாம். அதைக் கேட்டு எம் மன்றம் முழுதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. யாமும் நிமிர்ந்தோம், மறைப்பானேன்.

இனித் தங்கள் குடும்பத்துக் காரியம் ஒன்று. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், அப்போது இளவரசராயிருந்த தங்கள் தந்தையார் சாத்தன் விண்ணவரையரின் கலம் எம் பவளப்பாறையில் உடைந்தது. வாளும் மோதிரமும் கடலில் போயின. உயிர் எம் கரையில் ஒதுங்கியது. தோலுரிந்து தாடி வளர்ந்து கொற்றந்துறையில் இறங்கிய அவரைச் சொந்தக் காவலரே அடையாளம் காணவில்லை. அவர் கையிலிருந்த எம் கடவோலையைக் கண்டு, பவளத்திட்டார் பொய் எழுதார் என்று சொல்லி வழிவிட்டனர். அந்தப் பாதியை அவர் நினைவாக வைத்துக்கொண்டார், திருப்பி அனுப்பவில்லை. அவர் மறைந்தபோது தங்களிடமிருந்து வெண்பட்டு வந்தது. அறுந்த கயிறு வரவில்லை. ஆகையால் எம் முறைப்படி அவர் இறந்தவரல்லர். ஆண்டுதோறும் பயணம் போனோர் பெயரை மன்றத்தில் அழைக்கும் நாளில் அவர் பெயரையும் அழைக்கிறோம். பயணத்தில் இருக்கிறார் என்று அனைவரும் ஒரே குரலில் விடை சொல்கிறோம்.

எம் கடவோலை செல்லாதென்பது தங்கள் முடிவாயின், தங்கள் தந்தையார் தம் நகருக்குள் புகுந்ததும், முடி சூடியதும், அம்முடி தங்களிடம் வந்ததும் எந்த ஓலையால் என்று எமக்கு எழுதியனுப்புக. செல்லும் என்பது முடிவாயின், இறந்தாள் என்று ஓலையைக் கடலில் விட்ட ஒருத்திக்கு எம் வரலாற்றில் முதன்முறையாக எழுதிய மறு கடவோலையை இத்துடன் விடுத்துள்ளோம். அதன் செங்கயிற்றைக் காரி நம்பியே தம் கையால் கட்டி, எயினியிடம் கொடுத்து, படகேற்றி அனுப்புக. முடிச்சு எப்படிப் போடுவது என்று அவளே கற்றுத்தருவாள்.

இவ்வண்ணம் மன்றம் கூடிப் பணித்தபடி, சங்கு முத்திரை பதித்து, ஆவணி வளர்பிறை ஏழாம் நாள் எழுதுவித்தோம். இது மாறாதிருக்க.

எயினியின் மறுபாதியைத் தங்கள் தந்தையார் ஓலைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறோம். இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன.