மெட்டில்டாவின் வீடும் என் புகைபோக்கியும்

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. கோட்டைச் சுவரைப் பார்க்க தொல்லியல் ஆய்வாளர் மிஸ் டான்ஸ்லி வந்திருந்தார். சுவர் வயிறு தள்ளி நிற்கிறதாம். "வாசல் வளைவ திரும்ப வச்சு முட்டுக் கொடுக்கலேன்னா, இந்தக் குளிர்காலத்த தாண்டாது சார்." ஆனால் பழைய கல்லாலேயே வைக்க வேண்டும். பழைய கல்லா? நானூறு வருஷமாக ஊரே அதைச் சுமந்துபோய் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். கோட்டை நண்பர்கள் சங்கத் தலைவன் இல்லையா? தவிர என் பெயர் ஹம்ஃப்ரி டெவரில். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்களின் பெயர். எங்கள் முன்னோர் குதிரையில் வந்து இந்தக் கோட்டையை ஆண்டவர்கள் என்று, மாட்டுச் சந்தையில் ஏலம் கூவிய காலமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

ஊர்க் கூட்டம். கோட்டைக் கல் வைத்திருப்பவர்கள் திருப்பித் தர வேண்டும் என்று முழங்கினேன். எல்லாரும் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். ஆல்வென் ப்ரோபர்ட் மட்டும் எழுந்தாள். அடுத்த வீடு, என்னோடு பள்ளியில் படித்தவள், புருஷன் இறந்து ஆறு வருஷம்.

"உன் பாட்டன் கட்டின கோட்டைக்கு நாங்க எதுக்குய்யா கல்லு தரணும், பிரபுவே?"

ஒரே சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. "உன் பன்னிக்கொட்டிலே முழுக்கக் கோட்டைக் கல்லுதான்!" என்று கத்திவிட்டேன். ஏலம் கூவிய தொண்டை — தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அறுவடை விருந்துக்கு என்னோடு வருகிறாயா என்று கேட்கத்தான் இன்று நல்ல கோட்டு போட்டுப் போனேன். சபாஷ், ஹம்ஃப்ரி.

செப்டம்பர் 14

கோட்டில் ஒரு பொத்தான் வேறு இல்லை. கூட்டம் முழுக்க அப்படியேதான் நின்றிருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

கொட்டிலை இடிக்க ஆல்வென் சம்மதித்துவிட்டாள்! அவள் பெண்பன்றி அடுத்த மாதம் குட்டி போடப் போகிறது. மெட்டில்டா என்று அதற்கு நார்மன் ராணி பெயர். என்னைச் சீண்டத்தான் வைத்தாள்.

"இதுக்கு இடம்?" என்றாள்.

"என் வண்டிக்கொட்டகை இருக்கே."

"சரி, இடி. அந்தச் சுவருக்குக் கீழ நின்னுதான் நானும் அவரும் கல்யாண போட்டோ எடுத்துக்கிட்டோம். அது விழுந்தா எனக்குத் தாங்காது."

கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் கொட்டில் தரைமட்டம்.

செப்டம்பர் 25, வியாழன்

மிஸ் டான்ஸ்லி கற்குவியலைப் பார்த்தார். ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார்.

"சார், இது சுண்ணாம்புக் காளவாய இடிச்ச கல்லு. கோட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மழை வலுத்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தேநீர் குடிக்கக் கூப்பிட்டேன். அங்கேதான் வினை. கோப்பையும் கையுமாகக் கணப்பு முன் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே வளைவாகப் பதித்த கற்கள், வெள்ளைப் பூச்சுக்கு அடியில் வரிசையாக நெளிநெளிக் கோடு. சின்ன வயதிலிருந்து நான் ஈரக் காலுறை காயப்போடும் இடம்.

"சார்... நாம தேடற வாசல் இதுதான்."

ஆக, நாங்கள் கோட்டையை ஆண்ட பரம்பரை இல்லை. திருடிய பரம்பரை. அதுவும் சில்லறைத் திருட்டா? வாசலையே தூக்கி வந்திருக்கிறோம்.

செப்டம்பர் 26

திங்கள்கிழமை வரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மிஸ் டான்ஸ்லியிடம் கெஞ்சியிருக்கிறேன். கணப்பின் மேல் சந்தைக் காலண்டரைத் தொங்கவிட்டேன்.

யோசித்தால் நியாயம் என் பக்கம்தானே? வளைவை எடுத்தால் புகைபோக்கி போச்சு. குளிர்காலம் வருகிறது. என் முழங்காலோ சொல்பேச்சு கேட்பதில்லை. இதையெல்லாம் ஆல்வெனும் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

மெட்டில்டாவுக்குத் தீனி வைக்க வந்தவள் வெந்நீர் கேட்டு உள்ளே வந்தாள்.

"காலண்டர் ஏன் இவ்வளவு கீழ தொங்குது?"

தூக்கிப் பார்த்தாள். உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு சிரிப்பு நின்றது.

"மெட்டில்டா வீட்ட அரை நாள்ல இடிச்சியே, ஹம்ஃப்ரி."

அவ்வளவுதான். போய்விட்டாள். வெந்நீரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

மிஸ் டான்ஸ்லிக்கு போன் செய்துவிட்டேன். வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குரல் நடுங்கியது. ஏலக்காரனாம்!

அக்டோபர் 4, சனி

காலையிலிருந்து இடிப்பு. காது, மூக்கு, சட்டைப்பை எங்கும் கரி. விருந்துக்குப் போக வேண்டாமென்றுதான் இருந்தேன் — பசி விடவில்லை. தாமதமாகப் போனேன். காலியாக இருந்தது ஒரே நாற்காலி, ஆல்வென் பக்கத்தில். அதன்மேல் அவள் கைப்பை.

என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருய்யா, திருடா. கறி ஆறுது."

பிரபுவைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 22

வண்டிக்கொட்டகை ஒழுகியதால் மெட்டில்டா என் முன்னறையில் குட்டி போட்டது. என் கம்பளத்தின் மேல் பத்து குட்டிகள்! அவற்றுக்குச் சூட்டு விளக்கு உண்டு. எனக்கு எதுவும் இல்லை. கூரையில் தார்ப்பாய், இரவெல்லாம் பல் கிட்டுகிறது.

"பன்னிக்கு வீட்ட விட்டுட்டு நீ விறைச்சுச் சாவணுமா? என் மாடியறை சும்மாத்தானே கிடக்கு" என்றாள் ஆல்வென்.

நவம்பர் 15, சனி

வளைவு ஏறிவிட்டது. சுவர் நிற்கிறது. ஆல்வென் அதன் அடியில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். நான் தள்ளி நின்று ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அவள் அடுப்படியிலிருந்தே கொத்தனார் ஹாட்ஜஸுக்கு போன் செய்தேன். ஆல்வென் கோழிகளை அடைக்கப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்தி, என் புகைபோக்கி வேலைக்கு அவசரமே இல்லை, கோடைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஹாட்ஜஸ் சிரித்தார். "அதான் உங்க மிஸஸ் ப்ரோபர்ட் போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்களே!"