மச்சாள் முகத்தைத் திருப்பிய வருடம்

மச்சாள்,

இன்றைக்குக் கடையில் ஒரு பெண் பல்வலிக்குக் கராம்பெண்ணெய் வாங்கினாள். மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. வாங்கப் போன சாமானை மறந்து வெளியே வந்துவிட்டேன்.

என் கணவரின் அக்காவாக, அடுத்த வளவில் முப்பது வருடம் இருந்தீர்கள். என் மகளின் கல்யாணத்தன்று, கோயில் வாசலில் உங்களைக் கொஞ்ச வந்தேன். கன்னம் படுமுன்னே என்னைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அத்தனை சனத்துக்கு முன்னால். அன்றோடு உங்களோடு கதைப்பதை விட்டேன். நீங்களும் பூசைக்கு வருவதை நிறுத்தினீர்கள். பெருமை பிடித்தவர் என்று வேலிக்குக் கேட்கும்படி சொன்னேன்.

ஒரு வருடம் போனது. ஒருநாள் உங்கள் குசினியில் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டு ஓடிவந்தேன். நிலமெல்லாம் கஞ்சி. இடது கன்னத்துக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், கையைப் பிடித்தபடி இருந்தீர்கள். கண்ணீர் ஓடியது.

"என்ன மச்சாள், என்ன செய்யுது?"

வாய் திறக்காமல் கலண்டர்த் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினீர்கள்: "காத்துப் பட்டாலும் கரண்ட் அடிக்குது. கதைக்க ஏலாது." கராம்பெண்ணெய் பூசி, மூன்று பல்லைப் பிடுங்கியும் அது நிற்கவில்லையாம்.

பஸ் யன்னலைப் பூட்டி, உங்களை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "பல்லில பிழையில்லை அம்மா, இது முகத்து நரம்பு" என்றார் டொக்டர். அவர் தந்த குளிசையால் தலைசுற்றி இரண்டு தரம் விழுந்தீர்கள். எழுபத்துநாலு வயது, இதயமும் பலவீனம். மண்டையைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டாம் என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே தலையை அசையாமல் சட்டத்தில் பூட்டி, அந்த நரம்பின் வேருக்குக் கதிர் பாய்ச்சினார்கள். நோ உடனே மாறாது, கிழமைக்கணக்காகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறாம் கிழமை கிணற்றடியில் இருந்து உங்கள் குரல் கேட்டது. "மச்சாள், இஞ்ச வாரும்! முகம் கழுவிறன், நோகேல்லை!"

உதட்டோரம் மட்டும் விறைத்துப்போனது. அங்கே ஒட்டிய சோற்றை நான் துடைத்துவிடுவேன். "அந்தப் பக்கம் இனி என்ரை இல்லை" என்று சிரிப்பீர்கள்.

அதன்பின் எட்டு மாதம் கதைத்தோம். ஒரு பின்னேரம், மீன் வெட்டியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "தாங்க ஏலாமல் ஒருநாள் விடிய களப்புத் தண்ணிக்குள்ள இறங்குவம் எண்டு வெளிக்கிட்டனான். நீர் முற்றம் கூட்டிக்கொண்டு நிண்டனீர். கூப்பிடுவீர் எண்டு பாத்தனான்."

"பிறகு?"

"கரை மட்டும் போய், ஆண்டவருக்குப் பயந்து திரும்பீட்டன்."

அது எந்த நாள் என்று கேட்காமல், வெட்டிய மீனைக் கழுவ எடுத்துப்போனேன். மார்கழியில் உங்கள் இதயம் நின்றுபோனது.

என் கணவருக்கும் இதை நான் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க, ஒவ்வொரு விடியலிலும் முற்றம் கூட்டினேன். நீங்கள் படலையைத் திறந்து போவதை எத்தனையோ நாள் கண்டேன். ஒரு நாளாவது கூப்பிடவில்லை, மச்சாள்.