அப்பா நிரப்பாத படிவம்

பிரியமுள்ள அப்பாவுக்கு,

பிரியமுள்ள என்று கை தானாக எழுதிவிட்டது, அடிக்க மனம் வரவில்லை. ஆனால் இது கோபத்தில் எழுதும் கடிதம். நீங்கள் கண்ணை மூடிப் பதினாலு மாதம் ஆகிறது.

உங்கள் பழைய ராணுவச் சம்பளப் பிரிவின் வரலாறு புத்தகமாக வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்களுக்கு இப்போது சம்பளம் நேராக வங்கிக்கே போய்விடுவதால் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். மூடுகிற கையோடு புகழ்ந்து ஒரு புத்தகமும் போட்டு, நம் திண்டிவனம் வீட்டுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் அமைதி காக்க நம் படை போனபோது, மூன்று குமாஸ்தாக்களும் ஓர் இரும்புப் பெட்டியுமாகக் கூடாரத்தில் தொடங்கிய பிரிவாம் அது. மழையில் லாரி சிக்கிக்கொண்டால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காவல் முகாம்களுக்கு நடந்தே போவீர்களாம். அங்கே சிப்பாய்கள் ஒரே ஒரு படிவத்தை மட்டும் நிரப்ப மாட்டார்களாம். தான் செத்தால் பணம் யாருக்கு என்ற படிவம். எழுதினால் உயிரோடு ஊர் திரும்ப முடியாது என்று பயம். நீங்கள்தான் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கேலி செய்து, திட்டி, மனைவி பெயரை எழுதவைத்த பிறகே சம்பளத்தைக் கையில் கொடுத்தீர்களாம். ஒரு பக்கம் முழுக்க உங்கள் பெருமைதான். படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை.

ஓய்வு பெற்று வந்த பிறகுதானே அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள்? அதை ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று, அத்தனை பேருக்குச் சொன்ன உங்களுக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே சொன்னீர்கள். நீங்கள் போன பிறகு உங்கள் பழைய துணிப்பெட்டியைத் திறந்தால் அடியில் அந்தப் படிவம் கிடக்கிறது. உங்கள் பெயர் இருக்கிறது. மனைவி பெயர் எழுதும் இடம் காலி.

அதனால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. மல்லாட்டை மில்லில் வேர்க்கடலையில் சொத்தை பொறுக்கும் கூலி வேலைக்குப் போகிறாள். விழுப்புரம் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்துவிட்டோம். அங்கே இருப்பவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? காகிதத்தில் இல்லாத மனைவியை அவர் எங்கே போய்த் தேடுவார்?

போன வாரம் உங்கள் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஊருல இருக்கிற பொம்பளைங்க பேரெல்லாம் எழுதிக்கினு இருந்தாராமே, என் பேர எழுத மட்டும் கை வரலியா?"

நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

பதில் பொம்மையார்பாளையத்திலிருந்து வந்தது. உங்களோடு ஆப்பிரிக்காவில் இருந்த சிப்பாய், நான் மாமா என்று கூப்பிடுவேனே, அவர்தான். புத்தகம் வந்த சேதி கேட்டு வீட்டுக்கு வந்தவர், அம்மா உள்ளே போன நேரம் பார்த்துச் சொன்னார்.

"கோச்சிக்காதம்மா. எங்கள அம்மாம் கிண்டல் பண்ணாரே, அந்த பயம் அவருக்குந்தான் இருந்துச்சு. 'நல்லவேள, எனக்கு எழுத பொண்டாட்டி இல்லடா'ன்னு என்னாண்ட சொல்லுவாரு."

ஆக, பயம். எழுதினால் செத்துப்போவோம் என்று பயந்து அம்மாவை எழுதாமலே விட்டீர்கள். எழுதாமலும் செத்துத்தானே போனீர்கள் அப்பா? அடுத்தவர் பயத்தைத் திட்டி ஓட்டிய மனுஷனுக்குத் தன் பயத்தைத் திட்ட வாய் வரவில்லையே.

அந்தக் காலியிடத்தில் நேற்று அம்மாவின் பெயரை நானே எழுதினேன். அது செல்லுமோ செல்லாதோ தெரியாது. மாமா சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார். திங்கட்கிழமை எட்டாவது தடவையாக விழுப்புரம் போகிறோம். எண்பதாவது தடவை ஆனாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். உங்கள் மனைவி இவள்தான் என்று அவர்கள் எழுதிக்கொடுக்கிற அன்று, உங்கள் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போடுவேன். அதுவரை நீங்கள் படிவம் கிடந்த அந்தப் பெட்டிக்குள்ளேயே இருங்கள்.

உங்கள் காகிதத்தில் எங்கேயும் இல்லாத
உங்கள் ஒரே மகள்,
செல்வி