வெள்ளிக்கிழமைதோறும் "நல்லா இருக்கேன்டி"

அலமாரியைக் காலி செய்யும்போது அந்தப் பழைய மோடம் கையில் அகப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் கற்பூரப் புகை வாசனை. உன் நினைவு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு வந்தது கோபம்தான்.

வேங்கிக்காலில் நாம் இருவரும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலம். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களைத் தேட, பாதை நெடுக இருந்த உதவி மையங்களை டெலிபோன் லைனில் இணைத்துத் தரச் சொன்னார்கள். கூட்டம் ஏறினால் லைன் படுத்துவிடும். ஒரே பெரிய புரோகிராமாக எழுதிவிடலாம் என்றேன். நீ சிரித்தாய்.

"ஒண்ணு விழுந்தா மொத்தமும் விழும்டி. சின்னச் சின்னதா எழுதலாம். ஒண்ணுக்கு முடியலன்னா பக்கத்துல இருக்கறது எடுத்துக்கும்."

அப்படியே எழுதினோம். ஒரு துண்டுப் புரோகிராம் விவரம் வாங்கும், ஒன்று போட்டோவைச் சுருக்கும், இன்னொன்று லைன் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வேகம் கம்மியானால் போட்டோ சின்னதாகும். இன்னும் கம்மியானால் போட்டோவே போகாது. பெயரும் ஊரும் சட்டை நிறமும் மட்டும் போகும். ஒவ்வொரு மையமும் 'இருக்கேன்' என்று மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் பக்கத்து மையம் அதன் வேலையை ஏற்று, ஓர் ஆளையும் அங்கே அனுப்பும்.

ஒரு பௌர்ணமி மாலை அடி அண்ணாமலை மையத்தில் எல்லாம் ஹேங் ஆகிவிட்டது. 'இருக்கேன்' மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்கிற துண்டைத் தனியாகவும் வேலை செய்கிற துண்டைத் தனியாகவும் நாம் எழுதியிருந்தோம். வேலை செய்வது செத்துக் கிடக்க, சொல்வது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அங்கே கூட்டத்தில் தொலைந்துபோன வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தன் விவரம் எந்த மையத்துக்கும் போகாமல், சுருண்டு உட்கார்ந்திருந்தார். செங்கம் ரோடு மையத்தில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னாம்மா மிஷின் இது? எங்கப்பா எங்கன்னு கேட்டா ஒண்ணுமே சொல்லலியே!"

ஒருவழியாக ஆள் போய்ச் சேர்ந்தபோது பெரியவருக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. மறுநாளே நீ திருத்தினாய். "இருக்கேன்னு சொன்னா பத்தாது. கடைசியா இன்ன வேலை செஞ்சேன்னு காட்டணும்" என்றாய்.

பிறகு உனக்குப் பெங்களூரில் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் மெயில் வரும்: "நல்லா இருக்கேன்டி. வேலை ஜாஸ்தி." போன் செய்தால் எடுக்கமாட்டாய். நேரில் வருகிறேன் என்று எழுதினால், "இப்ப வாணாம்டி, புராஜெக்ட் முடியட்டும்" என்பாய்.

ஒரு புதன்கிழமை உன் தம்பி அழைத்தான். "அக்கா போயிட்டாங்க. ஒரு வருஷமாவே ஆஸ்பத்திரிதான். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

எல்லாம் முடிந்து ஊர் திரும்பினேன். வெள்ளிக்கிழமை காலை சென்டரைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் உன் மெயில் வந்திருக்கிறது. "நல்லா இருக்கேன்டி. வேலை ஜாஸ்தி."

யாரும் அனுப்பவில்லை. வாரம் தவறாமல் அனுப்ப நீ எழுதி வைத்த துண்டு அது. நீயே கண்டுபிடித்து நீயே திருத்திய தவறை, எனக்கென்று உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறாய். எவ்வளவு திமிர் உனக்கு! பக்கத்துல இருக்கறது எடுத்துக்கும் என்றாயே, உன் பக்கத்தில் நான் இல்லையா?

தம்பி கண்டுபிடித்து நிறுத்தும்வரை இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் அந்த மெயில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன்: "கடைசியா என்ன வேலை செஞ்சே, காட்டு."

இப்போது யார் நல்லா இருக்கேன் என்றாலும் நான் நம்புவதில்லை. என்ன சமைத்தாய், யாரோடு பேசினாய் என்று குடைகிறேன். "போலீஸ்காரி மாதிரி கேக்கறியே" என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். நீ எனக்கு விட்டுப்போனது இந்தச் சந்தேகம் ஒன்றுதான். இதற்காக உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.