இரண்டு சங்கம், ஒரு மனு

சிதம்பரம்,
புதன்கிழமை

மச்சானுக்கு,

போனில் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில், ஊனமுற்ற ராணுவத்தார் நாங்கள் ஒரு வரிசையிலும், காயம்பட்ட போலீஸ்காரர்கள் நீங்கள் பக்கத்து வரிசையிலும் உட்கார்ந்திருந்தோம். கேட்கப் போனது ஒன்றுதான்: செயற்கைக் கை, கால் ரிப்பேருக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் இடம். மனு மட்டும் இரண்டு. போன வருஷம் நம் இரண்டு சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நான் பேசிய பேச்சுதான் அதற்குக் காரணம். "பார்டர்ல போன காலும் கலவரத்துல போன கையும் ஒண்ணா?" என்று கேட்டேன். நீ எழுந்து போனாய்.

அதிகாரி உள்ளே வந்ததும், பழக்க தோஷத்தில் ஊன்றுகோலை விட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றேன். இரண்டு காலும் இருக்கிற நினைப்பு. நின்ற நொடியே சாய்ந்தேன். சல்யூட்டுக்குத் தூக்கியிருந்த உன் ஒரே கையை இறக்கி, என் காலரைப் பிடித்து நிறுத்தினாய்.

"பாத்து மச்சான், சட்ட கிழிஞ்சா தங்கச்சி என்னத்தான் திட்டும்."

ஒரு வருஷம் கழித்து நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டாய். அதற்கான நன்றியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சங்கத்தில் நேற்றுப் பேசிவிட்டேன். ஒரே மனுவாக எழுதியாயிற்று. முதல் கையெழுத்துக்கான இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை அதிகாரி வரும்போது நான் உட்கார்ந்தேதான் இருப்பேன். நீ நிதானமாகச் சல்யூட் அடி.

இப்படிக்கு,
உன் பிடியில் நின்றவன்